பக்கவாதம்: எண்ணிக்கை சொல்வதும் மறைப்பதும்

ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் ஓராண்டில் எத்தனை பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வரும்? வேலூரில் நடந்து 1970இல் வெளியான ஆய்வு இதற்குத் தந்த விடை 13. கொல்கத்தாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு தந்த விடை 145. இரண்டும் ஒரே மருத்துவ ஆய்விதழில் வந்தவை. இரண்டையும் செய்தவர்கள் பொறுப்பான ஆய்வாளர்கள். அப்படியானால் முப்பத்தேழு ஆண்டுகளில் இந்த நோய் இந்தியாவில் பதினொரு மடங்கு பெருகிவிட்டதா? இல்லை. ஆனால் பெருகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தில் எவ்வளவு நோயின் வளர்ச்சி, எவ்வளவு எண்ணும் முறையின் வேறுபாடு என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த நோயை எங்கே மறிக்க வேண்டும் என்பது தெரியவரும். உலக நோய்ச்சுமைக் கணக்கீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தது. 73 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். ஏற்கெனவே வந்து, உயிரோடு இருப்பவர்கள் 9 கோடியே 38 லட்சம். இருபத்தைந்து வயதைக் கடந்த ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது பக்கவாதம் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இவ்வளவு பெரிய நோயைப் பற்றி நம் நாட்டில் திரண்டிருக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தவிர்க்க முடியாததாகிறது: நம்முடைய பக்கவாதத்தில் மிகப் பெரும்பங்கு, அளக்கப்படாத, அளந்தும் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தத்தின் விளைவு. ஆகவே இந்த நோயை ஓர் அரசு எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அளவுகோல், மருத்துவமனைகளில் எத்தனை பக்கவாதப் பிரிவுகள் திறந்தோம் என்பதைவிட, எத்தனை பேரின் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்பதே.

எதை எண்ணுகிறோம்?

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அந்தக் குழாயை நம்பியிருந்த மூளைப்பகுதி செயலிழக்கிறது. அதுதான் பக்கவாதம். உலக அளவில் ஏறத்தாழ 62 சதவீதம் அடைப்பால் வருபவை. 28 சதவீதம் மூளைக்குள் இரத்தம் கசிவதால் வருபவை. எஞ்சியவை மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையே கசிவதால் வருபவை. ‘கை கால் விழுந்துவிட்டது’ என்று நாம் சொல்வது இதன் மிக வெளிப்படையான வடிவம் மட்டுமே. பேச்சு மட்டும் குழறலாம். பார்வையின் ஒரு பாதி மட்டும் மறையலாம். நடை மட்டும் தள்ளாடலாம். வேலூர் ஆய்வு தேடியது உடலின் ஒரு பக்கம் செயலிழந்தவர்களை. சி.டி. ஸ்கேன் கருவி மருத்துவத்துக்கு வந்ததே 1971இல்தான் என்பதால் அன்றைக்கு வேறு வழியும் இல்லை. பேச்சையோ பார்வையையோ மட்டும் இழந்தவர்களும், லேசாக வந்து சில நாட்களில் தேறிவிட்டவர்களும், ஆய்வாளர்கள் வீட்டு வாசலுக்கு வரும் முன்பே இறந்துவிட்டவர்களும் அந்தக் கணக்கிலிருந்து நழுவியிருப்பார்கள். கொல்கத்தா ஆய்வு 52,377 பேர் கொண்ட மக்கள்தொகையை வீடு வீடாகச் சென்று பார்த்தது. ஸ்கேனும் நரம்பியல் மருத்துவர்களும் பெருகிவிட்ட காலத்தில் நடந்தது. நுண்ணிய வலை வீசினால் மீன் கூடுதலாகத்தான் கிடைக்கும். பதினொரு மடங்கில் ஒரு பெரும்பகுதி வலையின் கண்ணைப் பொறுத்தது.

அடுத்த குழப்பம், ‘எத்தனை பேருக்கு வருகிறது’ என்பதையும் ‘எத்தனை பேருக்கு இருக்கிறது’ என்பதையும் ஒன்றாகக் கருதுவதால் வருவது. கொல்கத்தாவில் ஓராண்டில் புதிதாக வருவது லட்சத்துக்கு 145. ஏற்கெனவே வந்து உயிரோடு இருப்பவர்கள் லட்சத்துக்கு 545. இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் நான்குக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. தோராயமாகப் பார்த்தால், பக்கவாதம் வந்தவர் அதன்பின் சராசரியாக நான்கு ஆண்டுகூட வாழ்வதில்லை என்பதே இதன் பொருள். அதே ஆய்வில் 41 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்திருக்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. நோயோடு வாழ்பவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் நோயே குறைவு என்று நினைத்துவிடக் கூடாது என்பது இங்கே பாடம். வந்தவர்கள் விரைவில் இறந்துபோகும் ஊரிலும் அந்த எண் சிறியதாகவே இருக்கும். கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1980களில் கிடைத்த ‘லட்சத்துக்கு 52’ என்பது போன்ற சிறிய எண்களைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை உடனிருக்க வேண்டும்.

வயதும் கணக்கைத் திசைதிருப்பும். மும்பையின் பார்சி சமூகத்தில் 1985இல் எடுத்த கணக்கில், பக்கவாதம் வந்து உயிரோடு இருந்தவர்கள் லட்சத்துக்கு 842 பேர். அன்றைய இந்தியாவில் வேறெங்கும் காணாத எண் அது. ஆனால் பார்சி சமூகம் முதியோர் மிகுந்தது, குழந்தைகள் குறைந்தது. முதியோர் அதிகமாக இருக்கும் இடத்தில் முதுமையின் நோயும் அதிகமாகத்தான் தெரியும். கொழும்பில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, ஆயிரம் பேரில் 10.4 பேருக்குப் பக்கவாதம் வந்திருப்பதாகச் சொன்னது. அதாவது லட்சத்துக்கு ஆயிரத்துக்கு மேல். அந்த ஆய்வு வயது வந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது; குழந்தைகளையும் சேர்த்து எண்ணிய கொல்கத்தாவின் 545ஓடு அதை நேருக்கு நேர் வைத்து, கொழும்பில் நோய் இருமடங்கு என்று எழுதினால் அது பிழை. செய்திகளில் வரும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தப் பிழையின் ஏதோ ஒரு வடிவமாகவே இருக்கின்றன.

நகரமும் கிராமமும்

மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து நாட்டின் பக்கவாதத்தைக் கணிக்கும் வழக்கம் இன்னும் பெரிய மயக்கத்தைத் தருகிறது. மருத்துவமனைக்கு வருபவர் யார்? வண்டி கிடைத்தவர், பணம் புரட்ட முடிந்தவர், வீட்டில் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருந்தவர். எழுபத்தைந்து வயது மூதாட்டிக்கு விடியற்காலையில் வாய் கோணி, மூன்றாம் நாள் வீட்டிலேயே உயிர் பிரிந்தால், ‘வயசாகிவிட்டது’ என்ற சொல்லோடு அது முடிந்துபோகிறது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் உண்டு. மற்ற மரணங்களில் எத்தனை பக்கவாதம் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் மூன்று அடுக்கில் தேடச் சொல்கிறது: மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், சேராமலே இறந்தவர்கள், சேராமலே பிழைத்தவர்கள். முதல் அடுக்குக்கு வார்டு பதிவேடு போதும். அடுத்த இரண்டுக்கும் ஸ்கேன் மையங்கள், குடும்ப மருத்துவர்கள், இயன்முறை மருத்துவர்கள், இறப்புப் பதிவேடுகள் என்று கதவு கதவாகத் தட்ட வேண்டும். இறந்தவரின் வீட்டாரோடு உட்கார்ந்து கடைசி நாட்களைக் கேட்டறிய வேண்டும்.

திருவனந்தபுரத்தில் 2005இல் இந்த முறையில் ஆறு மாதம் எண்ணினார்கள். நகரத்தையும் அதை அடுத்த கிராமப்புறத்தையும் சேர்த்து ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். அகப்பட்டவை 541 பக்கவாதங்கள். வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தபோது நகரத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 135, கிராமத்தில் 138. பக்கவாதம் பட்டணத்து நோய், பணக்காரர் நோய் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. வந்த இருபத்தெட்டு நாளுக்குள் நகரத்தில் 24.5 சதவீதம் பேர் இறந்தார்கள், கிராமத்தில் 37.1 சதவீதம் பேர். நோய் இருவருக்கும் சமமாக வருகிறது. சாவு சமமாக வருவதில்லை. இதே மூன்றடுக்கு முறையில் மும்பையில் நடந்த பதிவேடு லட்சத்துக்கு 145 என்றது. லூதியானாவில் 2010 முதல் 2013 வரை நடந்த கணக்கு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் 140 என்றது. உணவும் தட்பவெப்பமும் மொழியும் வேறான நான்கு நகரங்களில் கவனமாக எண்ணியபோது கிடைத்த விடைகள் ஒன்றையொன்று நெருங்கியே நிற்கின்றன. இன்றைய இந்தியாவுக்கு நம்பத்தக்க எண் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இவற்றை ஒட்டிப் பார்த்தால், வேலூரின் 13 அன்றைக்கே குறைவாக எண்ணப்பட்ட எண் என்று கருதுவதே நியாயம்.

முதுமை மட்டும்தானா?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. ஆயுள் கூடினால் முதியோர் கூடுவார்கள். முதியோர் கூடினால் பக்கவாதம் கூடும். இதில் யாருடைய தவறும் இல்லை, தடுக்கவும் வழியில்லை என்பது அந்த வாதம். பாதி உண்மை இதில் இருக்கிறது. உலகில் 1990க்கும் 2019க்கும் இடையே புதிய பக்கவாதங்களின் எண்ணிக்கை 70 சதவீதம் கூடியது. ஆனால் வயதைச் சரிசெய்து கணக்கிட்ட வீதம் 17 சதவீதம் குறைந்தது. கூடுதலுக்குப் பெரும் காரணம் மக்கள்தொகைப் பெருக்கமும் முதுமையும் என்பதை இது காட்டுகிறது. ஆனால் அதே முப்பது ஆண்டுகளில் எழுபது வயதுக்கு உட்பட்டவர்களிடம் அந்த வீதம் 15 சதவீதம் கூடியிருக்கிறது. முதுமையால் மட்டும் இதை விளக்க முடியாது. 1970 முதல் 2008 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வலெரி ஃபைகினும் அவருடைய குழுவினரும் கண்டது இன்னும் கூர்மையானது. செல்வ நாடுகளில் பக்கவாத வீதம் லட்சத்துக்கு 163இலிருந்து 94ஆகச் சரிந்தது. நடுத்தர, ஏழை நாடுகளில் 52இலிருந்து 117ஆக ஏறியது. முதியோர் அதிகமாக இருப்பது செல்வ நாடுகளில். குறைந்திருப்பதும் அங்கேதான்.

ஆக்ஸ்ஃபர்ட் வட்டாரத்தில் 1981இலும் பின்னர் 2002இலும் தொடங்கிய இரண்டு கணக்கெடுப்புகள் இதை ஒரே ஊரில் வைத்துக் காட்டுகின்றன. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடியது. பக்கவாத வீதமோ 29 சதவீதம் குறைந்தது. ஜப்பானின் வரலாறு இதைவிடப் பெரியது. அங்கே 1951 முதல் 1980 வரை மரணக் காரணங்களில் முதலிடம் பக்கவாதத்துக்கு. வடக்கே அகிதா மாவட்டத்தில் உப்பிட்ட காய்கறிகளும் மிசோ சூப்பும் அன்றாட உணவு. 1950களில் நாளொன்றுக்கு இருபது கிராமுக்கு மேல் உப்பு உண்டார்கள். ஊர் ஊராக இரத்த அழுத்தம் பார்த்து, மருந்து கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லிப் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். உலகிலேயே முதியோர் மிகுந்த நாடுகளில் ஒன்றாக ஜப்பான் ஆகிவிட்டது. பக்கவாதமோ அங்கே முதலிடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு இறங்கிவிட்டது. முதுமை பக்கவாதத்துக்கு வழிவிடுகிறது என்பது சரி. முதுமையின் விதி பக்கவாதம் என்பது தவறு.

காரணங்களின் வரிசை

அப்படியானால் விதியல்லாத பங்கு எது? இதற்கு மிக விரிவான விடையை 2016இல் தந்தது இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 32 நாடுகளில், இந்தியா உட்பட, பக்கவாதம் வந்த 13,447 பேரையும் வராத அதே அளவு பேரையும் ஒப்பிட்டது. மாற்றக்கூடிய பத்துக் காரணங்கள் சேர்ந்து சுமார் 90 சதவீதப் பக்கவாதங்களை விளக்குகின்றன என்பது அதன் முடிவு. உயர் இரத்த அழுத்தம் தனியாகவே 47.9 சதவீதம். உடலுழைப்பின்மை 35.8, இரத்தக் கொழுப்பின் சமநிலைக் கேடு 26.8, உணவு 23.2, இடுப்புப் பருமன் 18.6, மன அழுத்தம் போன்றவை 17.4, புகை 12.4, இதயக் கோளாறுகள் 9.1; மது 5.8, நீரிழிவு 3.9. இவற்றைக் கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று கேட்கத் தோன்றும். ஒருவருக்கே பல காரணங்கள் சேர்ந்திருப்பதாலும், ஒன்று மற்றொன்றின் வழியாக வேலை செய்வதாலும் இவை கூட்டத்தக்க எண்கள் அல்ல. நடக்காதவருக்கு எடை ஏறுகிறது; எடை ஏறியவருக்கு அழுத்தம் ஏறுகிறது; மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். முற்றிலும் வேறு முறையில் செய்யப்பட்ட 2021 உலக நோய்ச்சுமைக் கணக்கும், பக்கவாதத்தால் இழக்கும் ஆரோக்கிய ஆண்டுகளில் 56.8 சதவீதத்துக்கு உயர் அழுத்தமே பொறுப்பு என்கிறது. காற்றிலுள்ள நுண்துகள் 16.6 சதவீதத்துடன் அடுத்த இடத்தில் நிற்கிறது. வரிசையின் நடுவில் இடங்கள் மாறுகின்றன, தலைமையிடம் மாறவில்லை.

இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடுமா என்று கேட்பது முறையான கேள்வி. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை இதற்கு மூன்று வகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது, அளவுக்கு அளவு ஏறும் தொடர்பு. 61 ஆய்வுகளிலிருந்து பத்து லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002இல் வெளியான கணக்கு, நாற்பது முதல் எழுபது வயது வரை உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் 115இலிருந்து ஒவ்வொரு 20 புள்ளி ஏறும்போதும் பக்கவாத மரணம் இரட்டிப்பாகிறது என்று காட்டியது. இரண்டாவது, உடலுக்குள் நடப்பது. பெரிய தமனியிலிருந்து நேராகக் கிளைத்து மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மெல்லிய குழாய்கள் ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கித் தடித்து அடைபடுகின்றன, அல்லது நைந்து வெடிக்கின்றன. மூன்றாவதும் முடிவானதும், அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த சோதனைகள். அறுபது வயதைக் கடந்த 4,736 பேரிடம் நடந்து 1991இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், மேல் அழுத்தம் மட்டும் ஏறியிருந்தவர்களுக்கு மலிவான மாத்திரைகள் கொடுத்தபோது பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. எண்பது வயதுக்கு மேல் மருந்து பயன் தராது என்ற தயக்கத்தையும் 2008இல் வெளியான மற்றொரு சோதனை தீர்த்துவைத்தது. அந்த வயதிலும் பக்கவாதம் 30 சதவீதமும் ஒட்டுமொத்த மரணம் 21 சதவீதமும் குறைந்தன.

நீரிழிவின் தலைநகரம் என்று பெயரெடுத்த நாட்டில் அதன் பங்கு வெறும் 3.9 சதவீதமா என்று தமிழ் வாசகர் ஐயுறுவது இயல்பு. ஒரு தனிமனிதருக்கு வரும் ஆபத்து வேறு. ஒரு சமூகத்தின் மொத்தத்தில் அந்தக் காரணத்தின் பங்கு வேறு. சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு ஆபத்து உறுதியாகக் கூடுதல். 32 நாடுகளின் சராசரியில் சிறியதாகத் தெரியும் பங்கு, நீரிழிவு மிகுந்த தென்னிந்தியாவில் பெரிதாகவே இருக்கும். மேலும் நம் ஊரில் சர்க்கரையும் அழுத்தமும் பெரும்பாலும் ஒரே உடலில் குடியிருக்கின்றன. சர்க்கரை நோயாளிக்கு மூளையைக் காக்கும் முதல் வேலையும் அழுத்தத்தைக் குறைப்பதுதான். இளம் வயதில் வரும் பக்கவாதத்துக்கு வேறு காரணங்கள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் கெட்ட இதய வால்வு, பிரசவத்தை ஒட்டி மூளையின் சிரைகளில் உறையும் இரத்தம், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றுக்குத் தனி மருத்துவமும் தனிக் கவனமும் வேண்டும். ஆனால் திருவனந்தபுரப் பதிவேட்டில் நாற்பதும் அதற்குட்பட்டதுமான வயதினர் 3.8 சதவீதமே. ஓர் இளைஞர் விழுந்தால் ஊரே பேசுகிறது. அறுபத்தேழு வயதுக்காரர் விழுந்தால் யாரும் பேசுவதில்லை. பேச்சின் அளவை வைத்து நோயின் அளவை மதிப்பிடக் கூடாது.

கட்டுப்படாத அழுத்தம்

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த மாநிலம் தழுவிய கணக்கெடுப்பில், வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு, துல்லியமாக 33.9 சதவீதத்தினருக்கு, உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் கேரளத்தில், சில ஆண்டுகளுக்கு முன் நடந்த கணக்கில் இது 12.4 சதவீதம். இந்தக் கட்டுரையில் வரும் எண்களில் மிகவும் கவலைக்குரியவை இவைதாம். நூறு பேருக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரியும். அதை நீக்கும் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் 2020இல் தமிழ்நாட்டில் தொண்ணூறு பேருக்கு மேல் பாதுகாப்பில்லாமல் இருந்தார்கள். இதை ஏழை நாட்டின் தலையெழுத்து என்று சொல்லவும் வழியில்லை. கனடாவில் 1990 வாக்கில் கட்டுக்குள் இருந்தவர்கள் 13 சதவீதம்; ஏறத்தாழ அந்தக் கணக்கில் கேரளம் இருந்த நிலை. அங்கே 2009 வாக்கில் அது 65 சதவீதமாயிற்று. புதிய மருந்து எதையும் கண்டுபிடித்து இதைச் சாதிக்கவில்லை. ஒரே சீரான சிகிச்சை விதிகளை ஆண்டுதோறும் புதுப்பித்து, எல்லா மருத்துவரிடமும் கொண்டுசேர்த்து, பலனை அளந்துகொண்டே வந்தார்கள்.

கட்டுப்பாடு எங்கே நழுவுகிறது என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். முதல் நழுவல் அளப்பதிலேயே. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டு, பேசாமல் இருக்கும்போது, கையின் பருமனுக்கேற்ற பட்டையைச் சுற்றிக் குறைந்தது இருமுறை அளக்க வேண்டும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் நடந்துவந்தவரை நின்ற நிலையிலோ, சட்டைக் கைக்கு மேலேயோ, ஒரே முறை அளந்து எழுதிவிடுவது நாம் அனைவரும் அறிந்த காட்சி. இரண்டாவது நழுவல், ஒரு மாத்திரையோடு நின்றுவிடுவது. அம்லோடிபின் ஐந்து மில்லிகிராம் கொடுத்து, மறுமாதம் 160 இருந்தாலும் அதே சீட்டைத் திருப்பி எழுதுவது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மருந்து தேவைப்படும் என்பது நன்கு தெரிந்த உண்மை. மூன்றாவது நழுவல் நோயாளியின் பக்கம். தலைவலியில்லை, மயக்கமில்லை, ‘பிரஷர் நார்மல் ஆகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மாத்திரை வேலை செய்வதால்தான் எண் இறங்கியிருக்கிறது என்பதை யாரும் அவருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் மருந்தா, சிறுநீரகம் கெட்டுவிடுமே என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. உண்மை நேர்மாறானது: சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம். கால் வீக்கம், வறட்டு இருமல் போன்ற பக்கவிளைவுகள் வருவதுண்டு. அதற்கு வழி, மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்வது.

விழிப்புணர்வு ஊட்டினால் போதும் என்போர் பலர். இந்தியாவின் 31 மையங்களில், பக்கவாதம் வந்த 4,298 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஸ்பிரின்ட் இந்தியா சோதனை இதை நேராகவே பரிசோதித்தது. பன்னிரண்டு மொழிகளில் குறுஞ்செய்திகள், காணொளிகள், கையேடு எல்லாம் கொடுத்தார்கள். மறு பக்கவாதமும் மாரடைப்பும் அதனால் குறையவில்லை. அறிவுரை வீண் என்று இதற்குப் பொருளல்ல. இரண்டு குழுவினருக்குமே நல்ல மையங்களில் முறையான சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது; அதற்கு மேல் செய்தி மட்டும் சேர்ந்தபோது கூடுதல் பலன் இல்லை. வீட்டருகே மருந்து, சரியான அளவீடு, மருந்தை உயர்த்தும் மருத்துவர், வராதவரைத் தேடிப்போகும் பணியாளர் ஆகியவையே கட்டுப்பாட்டைத் தருபவை. 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி இந்தப் பாதையில்தான் போகிறது: எளிய ஒரே சிகிச்சை விதி, தட்டுப்பாடில்லாத மருந்து, செவிலியருக்கும் பங்கு, நோயாளி வீட்டருகே மாத மருந்து, ஒவ்வொருவரின் அளவையும் பின்தொடரும் பதிவு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்பது பாதிக் கணக்கு. அவர்களில் எத்தனை பேரின் அழுத்தம் 140/90க்குக் கீழே வந்தது என்பதே மீதிக் கணக்கு.

மருந்தால் மட்டும் இதை முடிக்க முடியாது என்பதற்கு ஆங்கிலேய நோய்ப்பரவியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் முன்வைத்த வாதம் இன்றும் செல்லும். மிக உயர்ந்த அழுத்தம் உள்ளவர்கள் சிலரே. சற்றே உயர்ந்த அழுத்தம் உள்ளவர்கள் பல மடங்கு. ஒவ்வொருவருக்கும் ஆபத்து சிறியதானாலும், மொத்தப் பக்கவாதங்களில் பெரும்பகுதி இந்தப் பெருங்கூட்டத்திலிருந்தே வருகிறது. ஆகவே ஊர் முழுவதன் சராசரியைச் சிறிது இறக்குவது பெரும்பலன் தரும். அதற்குக் கைக்கெட்டும் வழி உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு 5 கிராம். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் பொட்டலத் தின்பண்டமும் புழங்கும் நம் உணவில் அது எளிதில் மீறப்படுகிறது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம், சாதாரண உப்பில் கால்பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இத்தகைய உப்பு ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். மற்றவர்களுக்கு இது நம் பொது விநியோகத் திட்டத்தில் சோதித்துப் பார்க்கத் தகுந்த யோசனை.

கடைசியாக ஒரு மறுப்பு. அடைப்பைக் கரைக்கும் ஊசியும், குழாய் வழியே நுழைந்து இரத்தக் கட்டியை எடுக்கும் சிகிச்சையும் வந்துவிட்ட காலத்தில், அவற்றை எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோவதல்லவா முதல் வேலை? கொண்டுபோக வேண்டும், ஐயமில்லை. கிராமத்தின் 37 சதவீத மரணத்தைக் குறைக்க வேகமான வண்டியும் ஸ்கேனும் பக்கவாதப் பிரிவும் வேண்டும். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறல் என்ற மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஊசி போடுவதற்குள்ள அவகாசம் நான்கரை மணி நேரம்; இரத்தக் கசிவால் வந்த பக்கவாதத்துக்கு அது உதவாது; கிடைத்தவர்களிலும் பலர் ஊனத்தோடுதான் வீடு திரும்புகிறார்கள். சிகிச்சை விழுந்தவரைத் தூக்குகிறது. விழாமல் தடுப்பது அதனால் ஆகாத வேலை.

சான்றுகள் சொல்லும் தீர்ப்பு இது. தென்னிந்தியக் கிராமத்திலும் நகரத்திலும் பக்கவாதம் ஏறத்தாழ ஒரே வீதத்தில் வருகிறது. அதன் முதற்காரணம் அளக்கத்தக்கது, குறைக்கத்தக்கது, மலிவாகக் குறைக்கத்தக்கது. அதைக் குறைத்த நாடுகளில் நோய் குறைந்திருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர்களின் சதவீதத்தை ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும், 7.3 என்ற எண் எந்த மாவட்டத்தில் எவ்வளவு ஏறியது என்று சட்டமன்றத்திலும் ஊராட்சியிலும் கேள்வி எழ வேண்டும். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு வாசகரும் இந்த மாதத்துக்குள் ஒருமுறை, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முறையாக அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் மாத்திரையை நிறுத்தியிருந்தால் மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.